நேரலைப் பரிசும் தனிச்செய்தித் தொல்லையும்

கேள்வி: கோப்பாயிலிருந்து ரிக்ரொக் நேரலையில் சமைத்துக் காட்டுகிறேன். லண்டனில் வசிக்கும் ஒருவர் என்னைத் ‘தங்கச்சி’ என்று அழைத்து அடிக்கடி பரிசு அனுப்புவார். அவர் வேலை முடிந்து வருவதற்காகப் பின்னிரவு 2 மணி வரை விழித்திருக்கிறேன். நான் ஒருநாள் நேரலைக்கு வராவிட்டாலும் தனிச்செய்தியில் விளக்கம் கேட்டுக் கோபிக்கிறார். அவரைத் தடுத்துவிட்டால் நன்றிகெட்டவள் ஆவேனா?

பதில்: ஆகமாட்டீர்கள். அந்தப் பரிசு நீங்கள் செய்து காட்டிய சமையலுக்கு வந்ததே தவிர, உங்கள் நித்திரைக்குக் கொடுத்த முற்பணம் அன்று. திரையில் நாளும் காணும் முகத்தை உறவாக எண்ணும் இயல்பைப் பற்றி 1956இலேயே ஹோர்டன், வோல் என்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நேரலையில் நீங்கள் பெயர் சொல்லிப் பதிலும் அளிப்பதால் அந்த எண்ணம் இன்னும் இறுகுகிறது. ஆகவே இரவு 10 மணிக்கு முடிப்பதாகத் தொடக்கத்திலேயே அறிவித்து, எவர் பரிசு அனுப்பினாலும் அந்நேரத்திலேயே முடியுங்கள். அதன் பின்னரும் அவர் அதட்டினால் தடுத்துவிடுங்கள். அடுக்களை யன்னலூடாக ஒழுங்கையும் எதிர்வீட்டு மதிலும் தெரியுமானால் அதைச் சாத்திவிடுங்கள். விடுமுறைக்கு ஊர் வருபவர் வீட்டைக் கண்டுபிடிக்க அந்த மதில் ஒன்றே போதும்.

இவரைவிட நான் அஞ்சுவது, ‘கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பரிசைக் காசாக்கித் தருகிறோம்’ என்று வரும் தரகர்களுக்கே. கடவுச்சொல்லையும் அடையாள அட்டைப் படத்தையும் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் கேட்பார்கள். கொடுத்துவிட்டால், உங்கள் பெயரில் இனிக்க இனிக்க எழுதிப் பார்வையாளரிடம் காசு கறப்பவர்கள் அவர்களே. பின்னர் ‘கணக்கை மீட்டுத் தருகிறோம்’ என்று கட்டணம் கேட்டு வருபவரையும் நம்ப வேண்டாம். கருத்துகளை நீக்கும் பொறுப்பை நம்பிக்கையான நண்பி ஒருவருக்கு நேரலை அமைப்பிலேயே வழங்கலாம். அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை.

மிரட்டல் வந்தால் ஸ்கிறீன்சொட் எடுத்துவைத்துப் பொலிஸில் முறையிடுங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பின்னரும், முறையிடச் செல்லும் பெண்ணிடம் ‘ஏன் நேரலைக்குப் போனீர்?’ என்று முதலில் கேட்கும் வழக்கம் ஒழியவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. அந்தக் கேள்வியோடு திரும்பிவிடாமல், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. ‘நீ வராவிட்டால் செத்துப்போவேன்’ என்று எவராவது எழுதினால், வெருட்டலாகத் தோன்றினாலும் உண்மையென்றே கொள்ளுங்கள். உடனே தடுக்க வேண்டாம். அதற்காக விடியும்வரை கதைத்துக்கொண்டிருப்பதும் உங்கள் பொறுப்பன்று. அவர் வாழும் நாட்டின் உதவி இலக்கத்தை அனுப்புங்கள்: பிரித்தானியாவில் 116 123, கனடாவில் 988, பிரான்ஸில் 3114, இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. அவருடைய உறவினர் எவரையேனும் தெரிந்தால் அவருக்கும் அறிவித்துவிட்டு நேரலையை நிறுத்துங்கள். நித்திரை கெட்டு மனம் பதறும் இரவில் 1926ஐ நீங்களும் அழைக்கலாம். அது 24 மணி நேரமும் இயங்குகிறது.