பழைய போர்தோ: கேளுங்கள், சொல்கிறேன்

கே: பிரான்சின் போர்தோ பகுதியில் போயாக் என்ற ஊரின் 1982 சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் கிடைத்திருக்கிறது. எப்படித் திறப்பது?

ப: முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள். படுத்துக் கிடந்த பாட்டிலில் அடிமண்டி இறங்க ஒரு நாளாவது வேண்டும். தக்கைக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. திருகி இழுத்தால் பொடிந்துபோகும். இரட்டைத் தகடுள்ள திறப்பானைத் தக்கையின் இருபுறமும் செருகி, முறுக்கியபடியே மெல்லத் தூக்குங்கள். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வைத்துக்கொண்டு, ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவைக்கு (டிகாண்டர்) ஊற்றுங்கள். கறுப்பு இழை தெரிந்ததும் நிறுத்துங்கள். கபர்னே சோவின்யோன் திராட்சை அதிகமுள்ள, போர்தோ ஆற்றின் இடக்கரை ஒயின் அது. இளமையில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அடங்கி, சுருட்டுப் பெட்டி, ஈரச் சருகு, பென்சில் சீவல் என்று வாசனை வரும். பழச்சாறு போல இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

கே: மூன்று மணி நேரம் முன்பே குடுவையில் ஊற்றச் சொல்கிறார்களே?

ப: அது இளசுக்கு. கிழத்துக்கு வேண்டாம்.

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன். என் 1990 இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பிரமாதமாக இருந்தது.

ப: 1990 வெயில் கொழித்த ஆண்டு, தாங்கியிருக்கும். அதை வைத்து எல்லாவற்றுக்கும் விதி எழுதாதீர்கள். மெலிந்த பழைய ஒயினின் வாசனை அரைமணியில் பறந்துவிடும். போர்தோவின் ஒயின் பேராசிரியர் எமில் பெய்னோவும், மண்டியைப் பிரிக்க மட்டும் குடுவை, அதுவும் பரிமாறும் சமயத்தில் என்றவர்தான்.

கே: அப்படியானால் பெய்னோ சொன்னது வேதமா?

ப: இல்லை. ஒரே பாட்டிலில் பாதியைக் குடுவையிலும் பாதியைக் கிளாஸிலும் ஊற்றி நீங்களே சோதியுங்கள். கிளாஸில் மெல்ல விரிவதைக் கவனிப்பதில்தான் எனக்கு ருசி.

கே: இந்த விலை கட்டாது. மாற்று?

ப: ஸ்பெயினின் ரியோகா கிரான் ரெசர்வா. சிவப்பென்றால் குறைந்தது 5 வருடம் முதிரவைத்துத்தான் விற்க வேண்டும், அதில் 2 வருடம் பீப்பாயில். முதிரவைக்கும் வேலை உங்களுக்கு மிச்சம். திராட்சை டெம்ப்ரனில்யோ, ஆனால் அந்தச் சருகு வாசனை உண்டு. போர்தோவே வேண்டுமென்றால் ஃப்ரோன்சாக், காஸ்தியோன். இரண்டும் வலக்கரை, மெர்லோ திராட்சை அதிகம், எட்டுப் பத்து வருடத்தில் பக்குவப்படும். பெரிய ஒயின் பண்ணைகள் தங்கள் முதன்மை ஒயினுக்கு அடுத்தபடியாக விற்கும் 'இரண்டாம் ஒயின்' எனக்குப் பிடிக்காது, பாதி காசு பெயருக்கே போகிறது. அந்தப் பண்ணைகளைத் தரம் பிரித்த 1855 பட்டியலில் பின்னர் முதல் வரிசைக்கு ஏற்றப்பட்டது 1973-இல் மூத்தோன் பண்ணை ஒன்றுதான். விலை மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது.

கே: ஈர அட்டைப்பெட்டி நாற்றம்?

ப: தக்கைக் கோளாறு. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கே: அடுப்பு மேடைக்கு மேலே பத்து வருடமாக வைத்திருக்கிறேன்.

ப: குழம்புக்கு ஊற்றுங்கள். ஒயின் வைக்கும் இடம் 12-14 டிகிரி செல்சியஸ் என்று எத்தனை முறை சொல்வது?

கே: படுக்க வைத்திருந்த பழைய பாட்டிலை அப்படியே எடுத்துத் திறக்கலாமா?

ப: முதல் பதில், முதல் வரி.