காரை உதிரும் வீட்டுக்கு வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்கிறோம். படுக்கையறைத் தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது. துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிகின்றன. வீட்டுக்குள் வரும் குழாய் பழுதாகி, குடிநீரில் சாக்கடை கலக்கிறது. சொன்னால், "இஷ்டமில்லை என்றால் காலி செய்யுங்கள்" என்கிறார் உரிமையாளர். வாடகையை நிறுத்திவிடலாமா? – ஒரு வாசகி.

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வாடகை பாக்கி என்பது உங்களை வெளியேற்றக் கோருவதற்குச் சட்டமே ஏற்கும் காரணம். அதை அவர் கையில் நீங்களே கொடுக்க வேண்டாம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடத்தின் பழுதும், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு. அவர் மறுத்தால் நீங்களே சரிசெய்து, செலவை வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது.

தளமே பெயரும்போது அது உங்களால் ஆகிற வேலையில்லை. பழுது நீக்காமல் வசிக்கவே முடியாத வீடு என்றால், எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்த பிறகு, 15 நாள் அறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம். அல்லது அந்தச் சட்டப்படி வாடகைத் தகராறுகளைக் கவனிக்கும் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

வசிக்க முடியாத வீடு எது? சமேலி சிங் வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம், உறைவிடம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமல்ல என்றது. பாதுகாப்பான கட்டடம், வெளிச்சம், தூய காற்று, தண்ணீர், கழிவு வசதி எல்லாம் அதில் அடக்கம். சுவரில் சாயம் உரிந்திருந்தால் நான் இப்படிச் சொல்லமாட்டேன். தூங்குகிறவர் மேல் காரை விழுவதும் சாக்கடை கலந்த தண்ணீரும் தனித்தனியாகவே போதுமானவை என்பது என் கருத்து.

உங்களிடம் இல்லாதது எழுத்து. வாய்ப்பேச்சை அவர் நாளைக்கே மறுக்கலாம். தேதியுடன் படங்கள், கட்டடப் பொறியாளரின் குறிப்பு, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை இணைத்து, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் கடிதம் அனுப்புங்கள். பழுதுகளைப் பெயர் சொல்லி எழுதி, சரிசெய்யக் கெடு குறிப்பிடுங்கள். அதற்கு முன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும்போது, சொல்லாமல் போனதாக உங்கள் மேலேயே பழி வரும்.

இதற்கெல்லாம் நாளாகும். அதுவரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்காதீர்கள்; குடிநீர் வாரியத்தில் இன்றே புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தில் அந்த எண்ணும் இருக்கட்டும்.