கடவுள் ஒன்று என்றால் மதம் ஏன் பல?

கேள்வி: ஐயா, கடவுள் ஒருவர்தான் என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை மதங்கள்?

பதில்: கடவுள் ஒருவரா, பலரா என்பது வரலாறு படித்தவன் தீர்க்கக்கூடிய வழக்கு இல்லை. மனிதர்கள் ஏன் வேறு வேறு விதமாகக் கும்பிட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். பழங்காலக் கூட்டங்கள் தங்கள் பிழைப்பு எதில் இருந்ததோ அதைத்தான் முதலில் வணங்கின. எகிப்தில் விளைச்சல் நைல் வெள்ளத்தை நம்பி இருந்தது. அந்த வெள்ளத்துக்கே ஹாப்பி என்று ஒரு தெய்வம். கடலோடிய கிரேக்கர்களுக்குக் கடல் தெய்வம் பொசைடன். ஒருவரையொருவர் பார்த்தே இராத மக்களுக்கு மொழி வேறாக இருப்பது போலத்தான் இதுவும்.

கேள்வி: சார், பௌத்தம் பிறந்தது இந்தியாவில். இங்கே ஆளையே காணோம், தாய்லாந்திலும் ஜப்பானிலும் செழிக்கிறதே?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் ஆதரித்தார். இலங்கைக்குக் கொண்டுபோனவர் அவர் மகன் மகிந்தர் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். பட்டுப் பாதை வணிகர்களோடு சீனா போய், கொரியா வழியாக 6ஆம் நூற்றாண்டில் ஜப்பானை எட்டியது.

இங்கே நடந்தது வேறு. விகாரைகள், அதாவது பௌத்த மடங்கள், அரச மானியத்தையும் வணிகர் கொடையையும் நம்பி இருந்தன. பக்தி இயக்கம் எழுந்தபின் அந்த மானியம் கோயில்கள் பக்கம் சாய்ந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிகாரின் பெரிய விகாரைகள் படையெடுப்பில் அழிந்தன. ஆனாலும் கோயில்கள் ஓங்கிய காலத்திலேயே விகாரைகளுக்கு அரச ஆதரவு ஒரேயடியாக நின்றுவிடவில்லை. சுமத்ராத் தீவைச் சேர்ந்த ஸ்ரீவிஜய அரசின் மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை எழுதிக்கொடுத்தவர் யார் தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய அதே ராஜராஜன்!

அப்புறம், 'ஆளையே காணோம்' என்பதும் சரியில்லை. 1956இல் நாக்பூரில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினார்களே.

கேள்வி: மதங்கள் வாள்முனையில் பரவியதுதானே அதிகம்?

பதில்: சில இடங்களில் அரசனின் கட்டாயம் உண்டு. சுன்னி, ஷியா என்பவை இஸ்லாமின் இரு பெரும் பிரிவுகள். 1501இல் ஈரானில் ஆட்சிக்கு வந்த ஷா இஸ்மாயில், பெரும்பாலும் சுன்னிகளாக இருந்த அந்த நாட்டை ஷியா நாடாக்கத் தொடங்கினார். ஆனால் உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவுக்கு இஸ்லாம் போனது வணிகக் கப்பலில். துறைமுக அரசர்கள் முதலில் மாறினார்கள். அதே நாட்டில் இருக்கும் பாலித் தீவில் இன்றும் பெரும்பாலோர் இந்துக்கள்.

கேள்வி: ஒரே மதத்துக்குள் ஏன் பிரிவுகள்?

பதில்: பல சமயம் 'அடுத்து யார் தலைவர்' என்ற சண்டைதான். 632இல் நபிகள் மறைந்ததும் எழுந்த அந்தக் கேள்வியில்தான் சுன்னி, ஷியா பிரிவின் வேர் இருக்கிறது.

கேள்வி: சரி, எதுதான் உண்மையான மதம்?

பதில்: அடுத்த கேள்வி!

கேள்வி: ஜப்பானியர் ஒருவரே இரண்டு மதம் வைத்திருப்பாராமே, குழப்பமாக இருக்காதா?

பதில்: குழந்தை பிறந்தால் ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் கோயில், இறந்தால் பௌத்தச் சடங்கு. அவர்களுக்கு அதில் முரண் தெரிவதில்லை. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டு போகிற நம் ஊர் இந்துக்களைக் கேட்டுப் பாருங்கள், குழப்பமா என்று.