நான்கு நாளில் எத்தனை ஏரி?

கேள்வி: ரீச்சர், நல்லூர்த் தேர் முடிந்ததும் நானும் கணவரும் கனடாவில் கல்கரி நகரில் இருக்கும் மகனிடம் போகிறோம். செப்டெம்பர் கடைசியில் அவனுக்கு நான்கு நாள் விடுமுறை. தினமும் ஓர் ஊரில் தங்கி பான்ஃப், யோஹோ, ஜாஸ்பர் என்று மூன்று தேசியப் பூங்காக்களையும் காட்டுவதாகச் சொல்கிறான். எனக்கு முழங்கால் வலி. இது சரிவருமா?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: ஜாஸ்பரை விட்டுவிடச் சொல்லுங்கள். பான்ஃப் பூங்காவிலுள்ள லேக் லூயிஸ் ஏரியிலிருந்து அங்கு சுமார் 230 கிலோமீற்றர். போய் வந்தால் பகல் முழுவதும் காருக்குள்தான். என் மகளும் மருமகனும் முதல் தடவை என்னை அப்படித்தான் கூட்டிச் சென்றார்கள். ஒரே நாளில் ஐந்து ஏரிகளில் இறங்கி ஏறினோம். கடைசி ஏரியை அடையும்போது இருட்டிவிட்டது. வீடு திரும்பிப் படங்களைப் பார்த்தபோது எது எந்த ஏரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவளுக்கு அது இன்றும் மனவருத்தம்.

அடுத்த முறை மூன்று இரவும் கன்மோர் என்ற ஊரில் ஒரே வீட்டில் தங்கினோம். கல்கரியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர். பான்ஃப் பூங்கா எல்லைக்குச் சற்று வெளியே இருக்கிறது. சமையலறை உள்ள வீடாக எடுங்கள். புரட்டாசிச் சனிக்கு மரக்கறி சமைக்கலாம், காலையில் புட்டு அவிக்கலாம், பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்கும் வேலையும் இல்லை.

ஒரு நாளை முழுவதுமாக லேக் லூயிஸுக்கே கொடுங்கள். இதை மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஏரியின் ஓரமாக ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு மட்டமான நடைபாதை போகிறது. உங்கள் முழங்கால் தாங்கும். களைத்த இடத்தில் இருந்து, போத்தலில் கொண்டுபோன தேநீரைக் குடியுங்கள். வற்றாத ஆறும் மலையும் இல்லாத குடாநாட்டில் பிறந்த நமக்கு, எதிரே பனிமலையும் காலடியில் அந்த நீரும் சேர்ந்து தெரிவது சிறிய காரியமல்ல. நான் அங்கே மூன்று மணித்தியாலம் இருந்தேன். மேகம் விலகவிலக மலை நிறம் மாறியது. ஐந்து ஏரிகளில் கிடைக்காதது அந்த ஒன்றில் கிடைத்தது.

பக்கத்து மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போக முடியாது. பூங்காவின் பஸ்ஸில் முன்கூட்டியே இடம் பதிய வேண்டும். இடம் முடிந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். ஒரு பகுதி இடங்களைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அங்குள்ள நேரம் காலை 8 மணிக்கு விடுவார்கள். நீங்கள் போகும் காலத்தில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகியிருக்கும். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்ப்பது அது. அந்த நிறம் சில வாரம்தான் நிற்கும்.

இன்னொரு நாள் யோஹோவில் எமரால்ட் ஏரி. அது பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள், லேக் லூயிஸிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான ஓட்டம். மற்ற நாள் ‘போ’ (Bow) என்ற ஏரி. தெருவோரத்திலேயே இருப்பதால் ஏற்றம் இல்லை.

செப்டெம்பரில் பனி கொட்டுவதும் உண்டு. கையுறை, கம்பளித் தொப்பி, வழுக்காத சப்பாத்து எடுத்துக்கொள்ளுங்கள். எல்க் மான்களுக்கு அது இணைசேரும் காலம், ஆண் மான்கள் மூர்க்கமாக இருக்கும். 30 மீற்றராவது தள்ளி நில்லுங்கள். கரடிக்கு 100 மீற்றர். குளிர்கால உறக்கத்துக்கு முன் அவை ஓயாமல் இரை தேடும். எனவே பருத்தித்துறை வடைப் பொதியை ஒருபோதும் வெளியே விட்டுவிட்டு நடக்காதீர்கள்.

கேள்வி: சித்தப்பா அனுப்பிய ரொக்கி மலைப் படத்தில் ஏரி நீலப்பச்சையாக இருக்கிறது. நிறம் ஏற்றிய படமா?
– ஒரு மாணவர், சாவகச்சேரி

பதில்: இல்லை தம்பி, நீரின் நிறமே அதுதான். வீட்டில் திருகையில் உளுந்து உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும் பனிக்கட்டித் திரளான பனியாறு மலையில் நகரும்போது அடியிலுள்ள பாறையை அப்படித்தான் அரைக்கிறது. மா போன்ற அந்தத் துகள் உருகிய நீரோடு ஏரிக்கு வந்து, அடியில் படியாமல் நெடுநேரம் மிதக்கும். வெயில் பட்டதும் நீலத்தையும் பச்சையையும் அது சிதறடிக்கிறது. கோடையில் உருகுநீர் கூடும்போது நிறம் உச்சத்தில் இருக்கும். உயரத்தில் நின்று பார்த்தால் இன்னும் துலக்கம்; பெய்ற்றோ ஏரியைப் பார்க்க மேலே மேடை கட்டியிருக்கிறார்கள். படம் எந்த மாதம், எந்த நேரம் எடுத்தது என்று சித்தப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.