நாய்க்குட்டி செத்த பிறகு எந்தப் பயம் நியாயமானது?

கேள்வி: தெருவில் தனியாகக் கிடந்த நாய்க்குட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து வளர்த்தோம். கால்நடை மருத்துவரிடம் காட்டி ஒரு தடுப்பூசியும் போட்டோம். சுமார் மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது திடீரென்று சாப்பாட்டை நிறுத்தியது. எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்குமோ என்று நானே வாய்க்குள் விரல் விட்டுத் தேடினேன், ஒன்றும் இல்லை. பிறகு பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன, நாலாம் நாள் செத்துவிட்டது. பார்வோ அல்லது டிஸ்டெம்பர் என்ற நாய் வைரஸ் நோயாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அது போய்ப் பத்து நாள் ஆகிறது. இப்போது என் 5 வயது மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், மூக்கொழுகல், இருமல். பார்வோ மனிதர்களுக்கும் வரும், குழந்தைகளுக்கு ரத்தசோகை வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் சிரப்பைக் கொடுத்துவருகிறேன். எல்லா வைரஸுக்கும் சேர்த்து ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாமா? வீட்டில் பூனையும் இருக்கிறது. அதன் மூலம் பறவைக் காய்ச்சல் வருமா? குட்டி நோயில் விழுவதற்கு முந்தின நாள் விளையாட்டாக மகன் கையைக் கவ்வியது. பல் லேசாகப் பட்டு ஒரு சொட்டு ரத்தம் வந்தது. கழுவிவிட்டோம், ஆறிவிட்டது. எனக்குக் கைக்குழந்தையும் இருக்கிறது, தாய்ப்பால் கொடுக்கிறேன்.

பதில்: அம்மா, முதலில் மகனை அழைத்துக்கொண்டு நாய்க்கடி ஊசி போடும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இன்றே. மீதியை அங்கே காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம். ஊசி மகனுக்கு மட்டும் போதாது, உங்களுக்கும் தேவைப்படலாம்.

பார்வோவைப் பற்றிப் பாதிக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். மகனின் கையைக் குட்டி கவ்வியதைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் அதன் வாய்க்குள் விரல் விட்டதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எனக்குக் கவலை தருபவை இந்த இரண்டும்தான், ஏனென்றால் நீங்கள் விவரித்திருக்கும் அந்தக் கடைசி நான்கு நாட்கள் ரேபிஸ் என்ற வெறிநோயாக இருக்க முழு வாய்ப்பு இருக்கிறது.

வெறிநோய் என்றதும் கண் சிவந்து, கண்ணில் பட்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் நாய்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. அப்படி வருவதும் உண்டு. ஆனால் சத்தமே இல்லாமல் வரும் வகை ஒன்றும் இருக்கிறது. அதில் நாய் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். தாடையும் தொண்டையும் செயலிழப்பதால் விழுங்க முடியாது. விழுங்க முடியாததால் எச்சில் வடியும், குரைக்கும் குரல் மாறும். பிறகு கால்கள் விழும். சில நாட்களில் உயிர் போய்விடும். பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும், எலும்புதான் மாட்டிக்கொண்டது என்று தோன்றும். வாயைத் திறந்து கையை விடுவார்கள். நீங்கள் செய்ததும் அதுதான். உங்களைக் குறை சொல்லவில்லை, விலங்குகளோடு அன்றாடம் புழங்குகிறவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். அதனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாய்க்குள் வெறுங்கையை விடாதீர்கள்.

கால்நடை மருத்துவர் சொன்னது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. டிஸ்டெம்பரிலும் எச்சில் வடியும், வலிப்பு வரும், கால் இழுக்கும். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்து நிச்சயமாகப் பிரித்தறிய யாராலும் முடியாது. இறந்த நாயின் மூளையை ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். அதைச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை, இனி அதற்காக எதையும் தோண்டிப் பார்க்கவும் வேண்டாம். டிஸ்டெம்பராகவே இருந்திருந்தால் நீங்கள் இழப்பது சில ஊசிகளின் வலி மட்டும். ரேபிஸாக இருந்து ஊசி போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ‘தடுப்பூசி போட்டோமே’ என்று நீங்கள் கேட்கலாம். அந்த வயதில் முதலில் போடுவது பெரும்பாலும் பார்வோ, டிஸ்டெம்பருக்கான கூட்டு ஊசி. ரேபிஸ் ஊசி தனி, வழக்கமாக மூன்று மாதம் ஆன பிறகே அதைப் போடுவார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள்.

நாய்க்கடியில் ஒரு கணக்கு இருக்கிறது. கடித்த நாய் பத்து நாள் கழித்தும் உயிரோடு, நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று முடிவு செய்யலாம். நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே கிருமி எச்சிலில் வர ஆரம்பித்துவிடும், அப்படி வர ஆரம்பித்த நாய் பத்து நாளைத் தாண்டாது. உங்கள் குட்டி கவ்விய மறுநாளே நோயில் விழுந்து, நாலு நாளில் செத்தும் விட்டது. கவனிக்க வேண்டிய அபாய அறிகுறி இதுதான், அம்மா. நீங்களோ தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு மகனின் உடம்பில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவன் உடம்பில் இப்போது எதுவும் தெரியாது. தெரியும்வரை காத்திருக்கவும் கூடாது. கடித்த இடத்தில் புகும் இந்தக் கிருமி ரத்தத்தில் சுற்றுவதில்லை. தசையிலிருந்து நரம்பு முனைக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மெல்ல முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் போகிறது. இதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரே வாரத்தில் வந்ததும் உண்டு, ஒரு வருடம் கழித்து வந்ததும் உண்டு. முகத்திலும் தலையிலும் கடி பட்டால் வழி குறுகியது. விரல்களில் நரம்பு முனைகள் அதிகம், அதனால் கையில் பட்ட கடியும் அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. கடித்த இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், பிறகு காய்ச்சல், பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுவது என்று அறிகுறிகள் தொடங்கிவிட்டால் மருத்துவத்தின் கையில் எதுவும் இல்லை. பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கும் குறைந்த குழந்தைகள். கிருமி அவர்களுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய எப்போதும் நாயிடமிருந்துதான்.

கிருமி மெல்லப் போவது நமக்கு நல்லது. 1885 ஜூலையில் லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போட ஏற்பாடு செய்தபோது, நாய் கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கடித்த பிறகு போட்டும் பலன் தரும் தடுப்பூசி என்பது இந்த நோயில் சாத்தியமாவதே அந்த இடைவெளியால்தான். உங்கள் மகனைக் கவ்வி இரண்டு வாரம் ஆகிவிட்டது. தாமதம்தான், ஆனால் கைமீறிப் போகவில்லை. மாதக்கணக்கில் கழித்து வருகிறவர்களுக்கும் நாங்கள் ஊசி போடுகிறோம்.

மருத்துவமனையில் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நாய்க்குட்டி கவ்வி ரத்தம் வந்தது, அது ஐந்து நாளுக்குள் செத்துவிட்டது, இதுவரை எந்த ஊசியும் போடவில்லை. ரத்தம் வந்திருந்தால் மூன்றாம் வகைக் கடி, அதாவது அபாயம் மிகுந்த வகை என்று கணக்கு. ஒரு சொட்டு வந்தாலும் மூன்றாம் வகைதான். அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். தடுப்பூசி உடம்பைத் தூண்டி எதிர்ப்பொருளை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். அதுவரை கடிவாயிலேயே கிருமியை மடக்கிவைக்க, தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருளைக் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். புண் ஆறிப்போயிருந்தாலும் அது இருந்த இடத்தைக் காட்டுங்கள். ‘ஏழு நாள் தாண்டிவிட்டதே, இது எதற்கு’ என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த ஏழு நாள் முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து எண்ணுவது. கடித்த நாளிலிருந்து எண்ணுவது இல்லை. மகன் இன்னும் முதல் ஊசியே போடவில்லை.

இனி நீங்கள். வாய்க்குள் விட்ட விரலில் வெட்டு, வெடிப்பு, நகத்தோரம் பிய்ந்த தோல் ஏதாவது இருந்ததா? புண்ணில் எச்சில் பட்டாலும் மூன்றாம் வகைதான். கைக்குழந்தை வைத்திருக்கிறீர்கள், நாள் முழுக்கத் தண்ணீரில் புழங்கும் கை. தோல் எங்கும் விரியவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் மகனுக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்களும் உட்காருங்கள். குட்டியைத் தடவியவர்களுக்கும், தூக்கிக் கொஞ்சியவர்களுக்கும், காயமில்லாத தோலை அது நக்கியவர்களுக்கும் எதுவும் வேண்டாம்.

ஊசி முறைகள் இடத்துக்கு இடம் சற்று மாறும். பெரும்பாலானவை முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள் என்று தொடங்கும். சில முறைகள் அதோடு முடியும், சில 14 அல்லது 28ஆம் நாள் வரை போகும். போடுவது கையில்தான், வயிற்றில் பதினான்கு ஊசி போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. சளி, காய்ச்சல் இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். இரண்டு ஊசி முடிந்து ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று நிறுத்தவும் வேண்டாம்.

மகனின் காய்ச்சல்? மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்த காய்ச்சல், 5 வயதில் பருவம் தவறாமல் வரும் சளிக் காய்ச்சல். மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் தானே போகும். அந்த மிச்ச சிரப்பைத் தயவுசெய்து கொட்டிவிடுங்கள். பொடியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்த ஆன்டிபயாட்டிக் ஒன்றிரண்டு வாரத்தில் வீரியம் இழந்துவிடும். வீரியத்தோடு இருந்தாலும் அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. பழைய பாட்டிலைத் தேடி எடுக்கும் சுறுசுறுப்பில் பாதியைக் கடிபட்ட அன்று மருத்துவமனைக்குப் போவதில் காட்டியிருக்கலாம். காயத்தைக் கழுவினீர்களே, அது நல்ல காரியம். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவியிருந்தால் இன்னும் நல்லது. ரேபிஸ் கிருமிக்கு மேலே கொழுப்பால் ஆன உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும்.

‘எல்லா வைரஸுக்கும் ஒரே பரிசோதனை’ என்று எதுவும் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். ரேபிஸைப் பொறுத்தவரை அறிகுறி வருவதற்கு முன் மனிதரிடம் அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே இல்லை. ரத்தத்தில் இல்லாததை ரத்தத்தில் தேடி, ‘இல்லை’ என்று தாளில் எழுதி வாங்கி நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். எனக்கு அதுதான் பயம்.

பார்வோவை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். நாய்களைக் கொல்லும் பார்வோ 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய, நாய்களுக்கான வைரஸ். அது மனிதருக்கு வராது. நீங்கள் இணையத்தில் படித்தது பார்வோ பி19. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும் பரவும் வேறொரு வைரஸ், குழந்தைகளின் கன்னத்தை அறைந்தாற்போலச் சிவக்க வைக்கும், பெரும்பாலும் தானே சரியாகும். பெயர் ஒன்றாக இருப்பதால் தேடுபொறி இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறது, நீங்களும் தூக்கத்தைத் தொலைக்கிறீர்கள். டிஸ்டெம்பர் தட்டம்மைக்கு உறவு என்றாலும் உங்கள் பிள்ளைகளுக்கு நோய் தராது. பறவைக் காய்ச்சல் பூனைக்கு வருவது உண்மைதான். ஆனால் நோயுற்ற பறவையைத் தின்ற பூனை, அதுவும் படுத்த படுக்கையாக இருந்தால் யோசிக்கலாம். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, விடுங்கள்.

பூனையை வேறு காரணத்துக்காகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். குட்டி அதைக் கடித்திருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாமலும் போயிருக்கலாம். நடந்ததைச் சொல்லி, ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறதா, எத்தனை நாள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நாய் பார்வோவின் இப்போதைய வகைகள் பூனையையும் பாதிக்கும், அதற்கான ஊசியையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கைக்குத் தேய்க்கும் சானிடைசருக்கெல்லாம் அசையாது. ப்ளீச் போட்டுக் கழுவுங்கள். ரேபிஸ் கிருமி நேர்மாறு, எச்சில் காய்ந்ததும் செத்துவிடும். அதனால் குட்டி படுத்த பாயை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் பாலூட்டும் தாய்க்குத் தடையில்லாமல் போடக்கூடியவை, பால் வழியாகக் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் வராது. ஊசி போட்டுக்கொண்டு வந்த கையோடு பால் கொடுக்கலாம்.