ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர ஒரு நாட்டுக்கு ஏன் இத்தனை வருடம் ஆகிறது? சேர்ந்தால் விலைவாசி ஏறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

குரோவேஷியாவின் தலைநகர் ஸாக்ரெப்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். 2022-ல் போனேன். ஒன்றியத்தில் கடைசியாகச் சேர்ந்த நாடு அதுதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் கேள்வி. பரீட்சை கஷ்டம்தான். நீதிமன்றத்திலிருந்து மீன்பிடி வரை 35 பாடம், ஒவ்வொன்றிலும் சட்டத்தை மாற்ற வேண்டும். ஆனால் இழுபறி பெரும்பாலும் அங்கே இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாடும் சரி என்றால்தான் கதவு திறக்கும். வாய்க்கால் வரப்புத் தகராறு இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் கையில் சாவி மாட்டிக்கொண்டால் கதை அவ்வளவுதான்.

குரோவேஷியா விண்ணப்பித்தது 2003 பிப்ரவரியில். 2005 மார்ச்சில் தொடங்க வேண்டிய பேச்சுவார்த்தை அக்டோபருக்குப் போனது. போர்க்குற்ற வழக்கில் தேடப்பட்ட தளபதி அந்தே கோத்தோவினாவைப் பிடித்துக் கொடுக்க ஒத்துழைக்கவில்லை என்பது காரணம். (பின்னால் 2012-ல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார், அது வேறு கதை.) அடுத்து, ஏற்கெனவே ஒன்றியத்துக்குள் இருந்த ஸ்லோவீனியா. 1991 வரை இரண்டும் யூகோஸ்லாவியா என்ற ஒரே நாட்டுக்குள் இருந்தவை. நடுவில் இருக்கும் பிரான் என்ற சின்ன வளைகுடாவில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. ஸ்லோவீனியாவுக்குக் கடற்கரையே ஐம்பது கிலோமீட்டர் தேறாது, அதனால் அந்தத் தண்ணீர் அவர்களுக்கு உயிர். 2008 டிசம்பரில் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று குரோவேஷியா சம்மதித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. ஒருவழியாக 2013 ஜூலை 1-ல் உள்ளே வந்தார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. 2017-ல் நடுவர் மன்றம் வளைகுடாவின் பெரும்பகுதியை ஸ்லோவீனியாவுக்குக் கொடுத்தது. குரோவேஷியா ஏற்கவில்லை. ஸ்லோவீனியா தரப்பு நடுவர் தன் அரசாங்க அதிகாரியோடு ரகசியமாகப் பேசிய தொலைபேசி உரையாடல் 2015-லேயே வெளியாகி, அதைச் சொல்லி ஏற்பாட்டிலிருந்து விலகியிருந்தார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் வெளியே வரிசையில் நின்றபோது இப்படிச் சொல்லிப் பார்த்திருக்க முடியுமா? ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2020-ல், இது எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது.

என் பார்வையில் ஒன்றியத்தின் பெரிய கோளாறு இதுதான். சேரும் வரை ஆயிரம் கேள்வி, சேர்ந்துவிட்டால் கேட்க ஆளில்லை. பட்ஜெட் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஜெர்மனியும் பிரான்சும் அதைத் தாண்டியபோது, 2003 நவம்பரில் மற்ற நிதி அமைச்சர்கள் நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். ஜனநாயகத்தையும் சட்டத்தின் ஆட்சியையும் மதிக்கவில்லை என்று ஹங்கேரி மேல் 2018-ல் ஐரோப்பிய நாடாளுமன்றமே புகார் எழுப்பியது. வாக்குரிமையைப் பறிக்கும் கட்டத்துக்குப் போக மற்ற எல்லா நாடும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். அப்போது போலந்து மேலும் இதே மாதிரி புகார் இருந்தது. போலந்து காப்பாற்றும் என்பது ஹங்கேரிக்குத் தெரிந்திருந்தது, போலந்தை ஹங்கேரி காப்பாற்றியது. கடைசியில் வலித்தது பணத்தில் கை வைத்தபோதுதான்: 2022 டிசம்பரில் ஹங்கேரிக்குப் போக வேண்டிய 630 கோடி யூரோவை நிறுத்தி வைத்தார்கள்.

இரண்டாவது கேள்வி, விலைவாசி. இந்தப் பயம் பெரும்பாலும் யூரோவைப் பற்றியது, அது சேர்ந்த அன்றே வந்துவிடாது. நான் இருக்கும்போதே, 2023 ஜனவரி 1-ல், குரோவேஷியாவின் சொந்த நாணயமான குனா போய் யூரோ வந்தது. 7.5345 குனாவுக்கு ஒரு யூரோ. இரண்டு வாரம் இரண்டு பணமும் செல்லும். குனா கொடுத்தால் மீதி யூரோவில் தர வேண்டும். கடைகளில் கல்லாவுக்கு முன்னால் வரிசை வாசல் வரை. எங்கள் தெரு மூலையில் காபி 10 குனா, அதாவது 1.33 யூரோ. ஜனவரி முதல் வாரத்திலேயே பலகையில் 1.50 என்று எழுதியிருந்தது. கேட்டால் "சில்லறை இல்லை" என்பார் கடைக்காரர். எந்த ஊரானாலும் கடைக்காரர் கடைக்காரர்தான்.

அதற்காக எல்லாப் பழியையும் யூரோ மேல் போடுவதும் தப்பு. அதற்கு முன்பே, 2022 கடைசியில், பணவீக்கம் 13 சதவீதத்தைத் தொட்டிருந்தது; உக்ரைன் போர், எரிபொருள் விலை. மக்கள் கண்ணில் பட்டது காபியும் ரொட்டியும், அதனால் கோபமும் அங்கேயே.

சொந்த நாணயம் போனால் அதன் மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் வழியும் போகும். 2010-ல் கிரீஸ் கடன் நெருக்கடியில் மாட்டிக்கொண்டது அப்படித்தான். குரோவேஷியாவில் அந்த வழி ஏற்கெனவே பாதி அடைபட்டிருந்தது. மத்திய வங்கி பல வருடமாக யூரோவுக்கு ஏழரை குனா என்ற கணக்கை ஒட்டியே வைத்திருந்தது. சேமிப்பிலும் வீட்டுக் கடனிலும் பெரும் பகுதி யூரோவில்தான். என் வாடகையே முதல் நாளிலிருந்து யூரோவில்தான் பேசினார்கள்.

எங்கள் வீட்டுக்காரம்மா இதற்கெல்லாம் அசரவில்லை. யூகோஸ்லாவிய தினார், குரோவேஷிய தினார், குனா, யூரோ என்று ஒரே வீட்டில் இருந்துகொண்டே நாலு பணம் பார்த்தவர். புது ஒரு யூரோ நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்து, அதிலிருந்த பிராணியைக் காட்டினார். கீரி மாதிரி இருந்தது. குனா என்பது அதன் பெயர்தானாம். பழைய காலத்தில் அதன் தோலைத்தான் வரியாகக் கட்டினார்களாம். "பணம் போய்விட்டது, பிராணி இருக்கிறது" என்று சிரித்தார். அவர் மகன் டப்ளினில் இருக்கிறார். 2011-ல் 42.8 லட்சமாக இருந்த ஜனத்தொகை 2021-ல் 38.7 லட்சம். பிறப்பு குறைந்தது ஒரு பக்கம், கதவு திறந்ததும் இளசுகள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் போனது இன்னொரு பக்கம். அந்தக் காலி இடத்துக்குத்தான் நேபாளிகளும் பிலிப்பினோக்களும் நானும் போனோம்.

அந்தச் சமையலறையில் வடக்கு மாசிடோனியாக்காரர் ஒருவர் இருந்தார். அவர் நாடு 2005-லிருந்து வரிசையில் நிற்கிறது. மாசிடோனியா என்பது எங்கள் மாகாணத்தின் பெயர் என்று தடுத்த கிரீஸுக்காக 2019-ல் நாட்டின் பெயரையே மாற்றினார்கள். அதே வருடம் பிரான்ஸ் தடுத்தது. அடுத்த வருடம் பல்கேரியா, மொழியையும் வரலாற்றையும் சொல்லி. இப்போது பல்கேரியர்களை அரசியல் சட்டத்தில் சேர்த்தால்தான் மேலே பேச்சு என்கிறார்கள். "அடுத்து எதை மாற்றச் சொல்வார்கள்?" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பார். எனக்கு வருடா வருடம் பர்மிட் புதுப்பிக்கும் தலைவலி உண்டு, அவருக்குக் கிடையாது. தாத்தா பல்கேரிய வம்சம் என்று எழுதிக் கொடுத்து வாங்கிய பல்கேரிய பாஸ்போர்ட் அவர் பையில் இருந்தது.