வகுப்புத் தோழனின் காலிப்பரைப் பற்றி என் மகள் கேட்கிறாள், என்ன சொல்வது?

இரண்டாம் வகுப்பில் காலிப்பர் (நடக்கக் காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) அணிந்த மாணவன் ஒருவன் சேர்ந்திருப்பதாகவும், அவனைப் பற்றி மகள் ஓயாமல் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் தக்கலைப் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவள் கேட்பது நல்லது, கேட்கட்டும். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அதட்டினால், அது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று குழந்தை மனதில் பதிந்துவிடும். "அவன் நடக்க அது உதவுகிறது, உனக்குக் கண்ணாடி போல" என்று சொல்லுங்கள், போதும்.

அடுத்து, உதவும் முன் கேட்கப் பழக்குங்கள். அன்புள்ள குழந்தைகள்தான் ஓடிப்போய் அவன் பையைப் பிடுங்குவார்கள், கையைப் பிடித்து இழுப்பார்கள். "பிடிக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும், "வேண்டாம்" என்றால் விட்டுவிட வேண்டும்.

விளையாட்டில்தான் உண்மையான பாடம் நடக்கிறது. கிளித்தட்டில் அவனை ஓரமாக உட்கார்த்தி எண்ணிக்கை சொல்ல வைப்பது எனக்குப் பிடிக்காது. விதியை எப்படி மாற்றலாம் என்று பிள்ளைகளிடமே கேட்பேன். கோட்டின் நீளத்தைக் குறைப்பார்கள், அவன் மறிக்கும் கோட்டை எல்லோரும் நடந்துதான் கடக்க வேண்டும் என்பார்கள். விளையாட்டுக்கு வெளியேயும் இப்படிக் கேட்கலாம். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். பள்ளிக் கழிவறைக்குப் போகும் சாய்தளத்தில் பாசி பிடித்துவிடும். "மழை நாளில் கழிவறைக்குப் போக யாருக்குச் சிரமம்?" என்று கேட்டுப் பாருங்கள், ஏழு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்பே அந்தப் பாசியைச் சுட்டிக்காட்டுவார்கள்.

எனக்கு அதிகக் கவலை, கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளைப் பற்றித்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றில் உண்டு. காலிப்பர் அணிந்தவனிடம் கனிவாக இருக்கும் அதே வகுப்பு, எழுத்தைத் திருப்பிப் போடுகிறவளை "மண்டு" என்கிறது, மணியடித்தால் காதைப் பொத்துகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறது. வீட்டில் இதைப் பேசுங்கள். பெரியவர்களிடமிருந்துதான் அந்தச் சொல்லே பிள்ளைகளுக்கு வருகிறது.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளன்று சில பள்ளிகளில் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி நடக்க விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திடீரென இருட்டில் விடப்பட்ட பயம் மட்டுமே மிஞ்சும். வெள்ளைக்கோலோடு பழகி நடப்பவரின் திறமை அதில் தெரியாது. பிரெய்லி எழுத்தைக் கொடுத்து, ஆறு புள்ளிகளில் தங்கள் பெயரைத் தடவிப் படிக்கச் சொல்லலாம். பள்ளிகளுக்கு உதவும் அரசின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டால் அதற்கு உதவுவார். உங்கள் மகளின் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.